நெஞ்சை அடைக்கிறது

தமிழில் ஒருவர் "நெஞ்சை அடைக்கிறது" என்று கூறினால் அதற்கு இரு பொருள் உண்டு. இதய நோய் கண்டவரும் அவ்வாறே கூறுவர். துயரத்தை வாய்விட்டுச் சொல்ல இயலாதவரும் அவ்வாறே கூறுவர். இவ்விரு பொருளையும் பிரித்தறியத் தெரியாமல் எங்கள் குடும்பம் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் பட்ட பாட்டினை இங்கே எழுதத் துணிகிறேன். தாயகத்தை விட்டு வெளியூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதுபோன்ற துன்பம் ஏதேனும் ஒரு வடிவில் நிகழ்ந்துகொண்டிருக்கிறது என்பதை அறிந்ததே நான் எழுத முன்வந்ததற்குக் காரணம்.

என் தந்தையார் காலமான பின்னர், கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தனித்திருந்த அன்னையாரைத் தில்லிக்கு அழைத்து வந்தேன். அவருக்கு அப்போது எழுபது வயது நெருங்கியிருந்தது. எங்கள் இல்லம் மூன்றாவது மாடியில் உள்ளது. நானும் என் மனைவியும் காலை எட்டரை மணிக்குப் புறப்பட்டால் திரும்புவதற்கு மாலை ஏழு மணியாகும். பேரன் பள்ளி முடிந்து தனிப் பயிற்சிக்குச் சென்றுவிடுவான். ஊரில் திண்ணையில் அமர்ந்தால் பூ விற்பவள் நின்று பேசுவாள். கோயில் மணி கேட்கும். தெருவில் போவோர் வருவோர் நலம் விசாரிப்பர். இங்கோ, குளிர் காலத்தில் சன்னல்களையும் சாத்தியாக வேண்டும். அண்டை வீட்டார் நல்லவர்களே. எனினும் அவர்கள் மொழி அன்னையாருக்குத் தெரியாது. அன்னையார் மொழி அவர்களுக்குத் தெரியாது.

வந்த மூன்றாம் மாதம் தொடங்கியது அந்நோய். பிற்பகல் மூன்று மணி அளவில் நெஞ்சை அடைக்கும், படபடக்கும், விரல் நுனிகள் மரத்துப்போகும், தொண்டையில் ஓர் உருண்டை நிற்பதுபோல் தோன்றும். இரவில் உறக்கம் வராது. "பிராணன் போய்விடும் போலிருக்கிறதடா" என்பார்.

பெரியதொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே மருத்துவர் இந்தியில் வினவினார். நானே மொழிபெயர்ப்பாளன் ஆனேன். "நெஞ்சை அடைக்கிறது" என்று அன்னையார் கூறியதை நான் "சீனே மே தர்த்", அதாவது மார்பில் வலி, என்று மாற்றிச் சொன்னேன். மார்பு வலி என்று எழுபது வயதை எட்டும் ஒருவர் வந்தால் மருத்துவர் என்ன செய்ய வேண்டுமோ அதனை அவர் முறையாகச் செய்தார். இ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனைகள் யாவும் நடந்தன. இதயத்தில் குறையில்லை என்றனர். பின்னர்த் தொண்டைக்குள் குழாயிட்டுப் பார்த்தனர். தலையை ஸ்கேன் செய்தனர். கோப்பு தடித்தது, சேமிப்பு மெலிந்தது. இறுதியில் மருத்துவர், "ஒன்றும் இல்லை" என்றார்.

மகிழ்ச்சியோடு நான் திரும்பி, "அம்மா, உனக்கு ஒன்றுமே இல்லையாம்!" என்றேன். அன்னையார் முகம் வாடியது. "அப்படியானால் நான் பொய் சொல்கிறேன் என்கிறாரா?" என்று கேட்டார்.

அன்று முதல் அவர் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். நோய் தீர்ந்தது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். அவர் மௌனத்தைக் குணமென்று கொண்டதே நாங்கள் செய்த பெரும் பிழை. உணவு குறைந்தது, உடல் மெலிந்தது. ஒருநாள் பிற்பகல், கதவைத் திறந்து மாடிப்படியில் அமர்ந்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தவரை அண்டை வீட்டு அம்மையார் கண்டு எனக்குத் தொலைபேசியில் தெரிவித்தார்.

நண்பர் ஒருவர் வாயிலாகத் தமிழ் பேசும் பொது மருத்துவர் ஒருவரைக் கண்டோம். அவர் கோப்பு முழுவதையும் பொறுமையாகப் படித்தார். நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தார். பிறகு என்னை வெளியே அனுப்பவில்லை. ஆனால் பேசவும் விடவில்லை. "அம்மா, பகலில் யாரோடு பேசுவீர்கள்?" என்று வினவினார்.

அன்னையார் சற்று நேரம் வாளாவிருந்தார். "பால் கொண்டு வருபவனிடம் 'தோ பாக்கெட்' என்பேன். அதற்கப்புறம் சாயங்காலம்வரை வாய் திறக்க வேலையில்லை" என்றார்.

"ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு என்ன செய்வீர்கள்?"

"அவருக்குக் காப்பி கலக்கும் நேரம்" என்று கூறிய அன்னையார், தந்தையார் மறைந்த பின் முதன்முறையாக என் முன்னிலையில் அழுதார்.

உடல் செய்யும் வேலை

"உங்கள் நெஞ்சு அடைப்பது உண்மை, விரல் மரத்துப்போவதும் உண்மை. இவை ஏன் வருகின்றன என்று சொல்கிறேன்" என்றே அம்மருத்துவர் தொடங்கினார். அவர் கூறியவற்றையும் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்துத் தருகிறேன்.

நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல அட்ரினல் என்னும் இரு சிறு சுரப்பிகள் உள்ளன. அச்சமோ சினமோ தோன்றியவுடன் மூளையின் கட்டளையால் அவை அட்ரினலின் என்னும் பொருளை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. மூச்சு வேகமாகிறது. தசைகள் இறுகுகின்றன. உள்ளங்கை வியர்க்கிறது. செரிமானம் தடைப்படுகிறது. புலி எதிர்ப்பட்டால் போரிடவோ ஓடவோ உடலை ஆயத்தம் செய்யும் ஏற்பாடு இது. புலி போனதும் உடல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் கவலை என்பது காலையில் வந்து மாலையில் போகும் புலி அன்று. மாதக் கணக்கில் அது உடனிருந்தால், ஆயத்தமாகவே நிற்கும் உடல் களைத்துப்போகிறது.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் கேனன் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். எக்ஸ்-ரே கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே, பூனைகளுக்குப் பிஸ்மத் கலந்த உணவை ஊட்டி, இரைப்பையின் அசைவை அவர் எக்ஸ்-ரேயில் கண்டார். பூனை கலக்கமுற்றால் இரைப்பையின் அசைவு உடனே நின்றது. அமைதியுற்றால் மீண்டும் தொடங்கியது. வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றால் உடலில் நேரும் மாறுதல்களைப் பற்றி 1915-இல் அவர் ஒரு நூலே வெளியிட்டார். பின்னர், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936-இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். குளிர், காயம், நஞ்சு எனத் துன்பம் எதுவாயினும் உடல் காட்டும் எதிர்வினையில் ஒரு பொதுத் தன்மை உண்டு என்பது அதன் சாரம். இன்று எல்லோர் வாயிலும் வழங்கும் 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல் மருத்துவத்தில் நிலைபெற்றது பெரும்பாலும் அவரால்தான்.

விரல் மரத்துப்போவதற்கும் காரணம் உண்டு. பதற்றத்தில் நாம் அறியாமலே மூச்சை வேகமாக வாங்குகிறோம். அதனால் இரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. உடனே விரல்களும் உதடுகளும் மரக்கின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. காற்றுப் போதவில்லை என்று எண்ணி மேலும் வேகமாக மூச்சு வாங்குகிறோம். துன்பம் மேலும் பெருகுகிறது. தொண்டையில் உருண்டை நிற்பது பெரும்பாலும் அங்குள்ள தசைகள் இறுகுவதால் நேர்கிறது; இரைப்பைப் புளிப்பு மேலேறுவதாலும் அவ்வாறு தோன்றுவதுண்டு. கழுத்தும் தோளும் இறுகினால் தலைவலி. குடலின் சுவரில் கோடிக் கணக்கான நரம்பணுக்கள் மூளையோடு இடையறாது செய்தி பரிமாறிக்கொள்வதால், மனம் கலங்கினால் வயிறும் கலங்குகிறது.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். "வயிற்றில் புளியைக் கரைத்தது", "குலை நடுங்கியது", "கை கால் ஓடவில்லை", "நெஞ்சு பதைத்தது" என்றெல்லாம் நாம் நாள்தோறும் பேசுகிறோம். இவற்றை வெறும் அலங்காரம் என்று கொள்வது தவறு. அச்சத்தின்போது உடலில் நடப்பதை அவ்வாறே எடுத்துரைக்கும் சொற்கள் அவை.

கோழைகளின் நோய் அன்று

இத்தகைய நோய் மன உறுதி அற்றவர்களுக்கே வரும் என்று எண்ணுவோர் உளர். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861 முதல் 1865 வரை நடந்தது. அப்போரில் ஈடுபட்ட வீரர்களுள் பலர் மார்பு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று வருந்தினர். ஜேக்கப் மெண்டஸ் டா காஸ்டா என்னும் மருத்துவர் முந்நூறுக்கும் மேற்பட்ட வீரர்களை ஆராய்ந்து 1871-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் பலரது இதயத்தில், அக்காலக் கருவிகளால் காணக்கூடிய பழுது ஒன்றும் தென்படவில்லை; ஆயினும் அவர்கள் பட்ட துன்பம் மெய்யானது. முதல் உலகப் போரிலும் ஆயிரக்கணக்கான வீரர்கள் இதே குறிகளோடு மருத்துவமனைகளை நிறைத்தனர். பீரங்கியின் முன் நின்றவர்களுக்கே இது வருமென்றால், கணவரை இழந்து, ஊரை இழந்து, பேச்சுத் துணையும் இழந்து நான்கு சுவர்களுக்குள் இருக்கும் மூதாட்டிக்கு வருவதில் வியப்பென்ன?

மருத்துவ உலகமும் தன் நோக்கினை மாற்றிக்கொண்டுள்ளது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட புதிய வரையறையில், உடற்குறிகளுக்குக் காரணம் தெரியாதிருக்க வேண்டும் என்னும் பழைய நிபந்தனையை நீக்கிவிட்டது. குறிகளால் ஒருவர் எவ்வளவு துன்புறுகிறார், அவற்றைப் பற்றிய அச்சம் அவர் வாழ்வை எவ்வளவு பற்றிக்கொண்டுள்ளது என்பதே இப்போது அளவுகோல். ஒருவருக்கு உண்மையான இதய நோயும் இருக்கலாம். அதனோடு பதற்றமும் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லை என்று ஆகாது.

மறுபக்கத்துப் பிழை

இதனைப் படித்துவிட்டு, "எல்லாம் மனக் கவலைதான்" என்று எந்த அன்பரும் முடிவு கட்டிவிடலாகாது. எனக்குத் தெரிந்த மற்றொரு குடும்பத்தில் நிகழ்ந்ததையும் கூறுகிறேன். அவ்வீட்டு அம்மையாருக்குப் படபடப்பு, கை நடுக்கம், உறக்கமின்மை. மகளின் திருமணக் கவலை என்று வீட்டார் அனைவரும் ஒரே குரலில் கூறினர். அவரும் அவ்வாறே நம்பினார். உடல் எடை விரைந்து குறைந்தபோதும், கவலையால் மெலிகிறாள் என்றனர். பல மாதங்கள் கழித்து எடுத்த இரத்தப் பரிசோதனையில், தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்வது தெரிந்தது. மருந்தால் அடங்கும் நோய்க்கு அவர் வீணே பல மாதங்கள் வருந்தினார்.

இரத்தச் சோகை படபடப்பையும் மூச்சுத் திணறலையும் தரும். வைட்டமின் பி 12 குறைந்தால் கைகால் மரத்துப்போகும். சைவ உணவினர் இதனை மறக்கலாகாது. ஆகவே முதற்கண் முறையான பரிசோதனை வேண்டும். மார்பில் பாரம் வைத்தாற்போன்ற வலி, இடக்கை, தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவுதல், குளிர்ந்த வியர்வை, நடந்தால் மிகும் வலி ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெண்களுக்கும் நீரிழிவு உடையவர்களுக்கும் மாரடைப்பு கடும் வலியின்றி, வெறும் களைப்பாகவோ மூச்சுத் திணறலாகவோ வருவதுண்டு. வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கக் கைகால் சோர்தல் ஆகியவையும் அவசர நிலைகளே. நாடெங்கும் 112 என்னும் எண்ணில் உதவி கோரலாம். காரணமற்ற எடைக் குறைவு, இரத்தப் போக்கு, நீங்காத காய்ச்சல் ஆகியவற்றையும் கவலையின் மேல் ஏற்றிச் சொல்லலாகாது.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, ஒரே மருத்துவரை நம்பித் தொடர்வது. ஐந்து மருத்துவரிடம் ஐந்து முறை அதே பரிசோதனையைச் செய்வதால் அச்சம் குறைவதில்லை. "இன்னும் எதையோ தேடுகிறார்கள்" என்று பெருகவே செய்கிறது. புதிய குறி தோன்றினால் மட்டும் புதிய பரிசோதனை போதும்.

இரண்டாவது, மொழிபெயர்க்கும்போது எச்சரிக்கை. பெரியவர் கூறும் சொல்லை நாம் நோயாக மாற்றிச் சொல்லாமல், அவர் கூறியபடியே விரித்துச் சொல்ல வேண்டும். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்போது அவர் எங்கே, யாரோடு இருந்தார் என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இயன்றால் தமிழ் அறிந்த மருத்துவரைத் தேடுதல் நன்று. நம் சங்கங்கள் அந்தந்த நகரில் உள்ள தமிழ் பேசும் மருத்துவர்களின் பட்டியலைத் தொகுத்து வைத்தால் அது பெருந்தொண்டாகும்.

மூன்றாவது, மூச்சு. மூக்கின் வழியே நான்கு எண்ணும் அளவு மெல்ல உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு மெல்ல வெளிவிட வேண்டும். வயிறு உயர்ந்து தாழ்வதைக் கையால் உணரலாம். சில நிமிடங்களில் மரப்பும் தலைச்சுற்றலும் தணியும். நாள்தோறும் நடத்தல், ஒழுங்கான உறக்கம் ஆகியவையும் வேண்டும். சொல்வதற்கு வருத்தமாயினும் சொல்லியாக வேண்டும். நம் பில்டர் காப்பி படபடப்பை மிகுவிக்கும். என் அன்னையார் மூன்று வேளைக் காப்பியை ஒரு வேளையாக்கிக்கொண்டார்; எல்லாவற்றிலும் அதுவே கடினமாக இருந்தது என்பார்.

நான்காவது, மனநல மருத்துவரைக் காண நாணலாகாது. பேச்சுவழிச் சிகிச்சை பலருக்கு நல்ல பயன் தருகிறது. மருந்து தேவையெனில் அதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது ஆபத்தான பழக்கம். மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேச வசதி உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், காப்பீட்டு நிறுவனங்கள் உடல்நோய்க்குப் போன்றே மனநோய்ச் சிகிச்சைக்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்று கூறுகிறது. இதனை அறியாதோர் இன்னும் பலர்.

ஐந்தாவது, "உனக்கு ஒன்றுமில்லை" என்னும் சொல்லை விலக்குவது. "இதயத்தில் குறையில்லை, ஆயினும் நீ படும் துன்பம் எங்களுக்குத் தெரிகிறது" என்று கூறினால் போதும்.

என் அன்னையார் முற்றும் குணமாகிவிட்டார் என்று எழுத மாட்டேன். சில நாள் பிற்பகலில் இன்னமும் நெஞ்சை அடைக்கிறது. இப்போது அவர் மறைப்பதில்லை. அந்நேரத்தில் ஊரிலுள்ள தம் தங்கையோடு தொலைபேசியில் பேசுகிறார். வாரம் இருமுறை சங்கத்தின் நூலகத்துக்கு என் மனைவியோ அண்டை வீட்டாரோ அழைத்துச் செல்கின்றனர். மாடிப்படியில் அவரைக் கண்ட அந்த அம்மையாரிடமிருந்து இருபது இந்திச் சொற்கள் கற்றுக்கொண்டு, மாற்றாக இட்லி மாவு அரைக்கும் முறையைக் கற்பித்திருக்கிறார். பரிசோதனைகளுக்குப் பிறகு ஓராண்டில் மருத்துவமனை வாயிலை அவர் மிதித்தது ஒரே முறை. அதுவும் கண் கண்ணாடிக்காக.

இவ்விதழ் செல்லும் இல்லங்களில், பகல் முழுவதும் தனித்திருக்கும் தாயோ, தந்தையோ, புதிதாக மணமாகி வந்த மருமகளோ, ஊரை விட்டு வந்த இளைஞனோ இருக்கக்கூடும். அவருக்குத் தலைவலி என்றும் வயிற்றுவலி என்றும் ஓயாமல் ஏதேனும் இருக்குமாயின், மருத்துவரிடம் காட்டுங்கள். காட்டிவிட்டு வீடு திரும்பிய பின், "பகலில் யாரோடு பேசுகிறாய்?" என்று ஒருமுறை கேளுங்கள். விடை வரும்வரை அருகில் அமர்ந்திருங்கள்.